அக்கியும் ஆறாத புண்ணும்: எச்.ஐ.வி. உள்ளவர்களின் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கு வரும் ஹெர்பிஸ் பற்றியே கேட்டிருக்கின்றன. யார் எழுதியது என்று தெரியாதபடி பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு வருடமாக டி.எல்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிடுகிறேன். ஆனாலும் பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகிறது. இந்த வருடம் இது நான்காவது தடவை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள், எரிச்சல்தான் மிச்சம். எச்.ஐ.வி. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: உங்கள் எச்.ஐ.வி. மருந்தைச் சந்தேகப்படாதீர்கள். அது எச்.ஐ.வி.யை அடக்குவதற்கான மருந்து. கொப்புளத்தை உண்டாக்குவது ஹெர்பிஸ் என்ற வேறொரு வைரஸ். ஒருமுறை உள்ளே நுழைந்தால் இடுப்புக்குக் கீழே தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் உறங்கும். காய்ச்சல், தூக்கமின்மை, உடல் சோர்வு என்று ஏதாவது ஒன்று வந்தால் அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். அதனால்தான் திரும்பத் திரும்ப ஏறக்குறைய அதே இடத்தில் வருகிறது.

களிம்பு நரம்பு வரைக்கும் போகாது, மாத்திரைதான் போகும். அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் மறக்காது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 முதல் 10 நாள் வரை தேவைப்படும். எத்தனை நாள் என்பதைப் புண்ணைப் பார்த்து டாக்டர் சொல்வார். அட்டையைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். 200 மில்லிகிராம் மாத்திரையும் கடையில் உண்டு. அதை மூன்று வேளை போட்டுவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வருபவர்கள் நிறையப் பேர். பாதி அளவுதானே உள்ளே போயிருக்கிறது, எப்படிக் கேட்கும்?

எப்போது தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். கொப்புளம் வருவதற்கு ஒரு நாள் முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், தொடையில் ஒரு இழுப்பு தெரியும். அப்போதே முதல் மாத்திரையைப் போட்டால் புண் சின்னதாக முடிந்துவிடும். அதற்காக ஒரு சுற்றுக்கான மாத்திரையை வீட்டில் வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அரிப்புக்கும் படைக்கும் கொடுக்கிற பல களிம்புகளில் அது இருக்கும். முதல் இரண்டு நாள் சிவப்பு அடங்கும். பிறகு அந்த இடத்து எதிர்ப்புச் சக்தி குறைந்து புண் பரவும். மஞ்சள், டெட்டால், பவுடர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால், ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் குறையும். புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைக்காதீர்கள்.

இப்படி அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தால் தினமும் இரண்டு வேளை 400 மில்லிகிராம் தொடர்ந்து சாப்பிடும் முறை இருக்கிறது. பல மாதங்கள் எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் டி.எல்.டி.யில் டெனோஃபோவிர் இருக்கிறது, அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஆகவே தொடங்கும் முன் க்ரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்காக இருக்கும் சுகவாழ்வு மையத்தில் ஹெர்பிஸ் புண்ணுக்கென்று சிவப்பு நிற மருந்துப் பொட்டலம் இலவசமாகத் தருவார்கள். ஏழு நாளுக்கு 21 அசைக்ளோவிர் மாத்திரை. ஏழு நாளில் புண் மூடவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடாமல் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, எனக்கு இல்லை. அவருக்கு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, உங்களுக்குப் பரவாது என்று எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னார்கள். அவருக்கு ஹெர்பிஸும் உண்டு. அதற்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது, அம்மா. உங்களுக்குச் சொன்னது எச்.ஐ.வி.க்கு உண்மை. மாத்திரையை விடாமல் எடுத்து அந்த நிலையிலேயே இருக்கும்வரை உடலுறவில் எச்.ஐ.வி. பரவாது. ஹெர்பிஸ் வேறு கணக்கு. புண் இல்லாத நாளிலும், பார்க்க நன்றாக இருக்கும் தோலிலிருந்து அது வெளிவரும். குறுகுறுப்பு தொடங்கிய நாளிலிருந்து புதுத் தோல் மூடும்வரை உறவைத் தவிருங்கள். மற்ற நாட்களில் ஆணுறை. அது மூடாத இடம் வழியாகவும் தொற்றலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனாலும் வாய்ப்பை நன்றாகக் குறைக்கும்.

கணவர் தினமும் அசைக்ளோவிர் சாப்பிட்டால், எச்.ஐ.வி. பரவாமல் இருக்கவும் அதுவே போதும் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் 3,400-க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010-ல் வெளிவந்தது. தினமும் அசைக்ளோவிர் எடுத்தவர்களுக்குப் புண் வெகுவாகக் குறைந்தது. ஆனால் துணைக்கு எச்.ஐ.வி. பரவுவது குறையவில்லை. எச்.ஐ.வி.யைத் தடுப்பது எச்.ஐ.வி. மருந்துதான்.

கேள்வி: அம்மாவுக்கு 55 வயது, எச்.ஐ.வி. உள்ளவர். நேற்றிலிருந்து நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், நெருப்பாய் எரிகிறது என்கிறார். அக்கி என்று சொல்லிக் காவி எழுதியிருக்கிறோம். மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகலாமா?

பதில்: இன்றைக்கே போங்கள். அந்த மூன்று நாள்தான் மருந்துக்கான நேரம். கொப்புளம் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் மருந்து போட்டால்தான் பலன் அதிகம். தாமதமாகிவிட்டாலும், புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுப்பார்கள்.

இது முன்பு சொன்ன ஹெர்பிஸ் இல்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் படுத்திருந்து மறுபடி எழுவது. யாரோடும் பழகி வந்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த வெட்கமே பலரை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. மருந்தின் அளவும் இதற்கு அதிகம்: அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், பகலில் ஐந்து வேளை, 7 முதல் 10 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் குறைப்பார்கள்.

காவி எழுதுவது மனதுக்குத் தெம்பாக இருக்கலாம், வைரஸை அது தொடாது. பூச்சுக்கு அடியில் சீழ் வைத்தால் கண்ணுக்கும் தெரியாது. கழுவிவிட்டு மூக்கின் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்குள் இறங்க வாய்ப்பு அதிகம். மூக்குக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பின் கிளை போகிறது. கண் சிவந்தாலும் மங்கினாலும் கண் டாக்டரும் அன்றே பார்க்க வேண்டும். கொப்புளம் உடம்பின் மற்ற பாகங்களுக்கும் பரவினால் அட்மிட் ஆகி நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். பொருக்குத் தட்டும்வரை கைக்குழந்தைகளும், சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் பக்கத்தில் வர வேண்டாம்.

கேள்வி: எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. இதுவரை இல்லாத அளவுக்கு ஹெர்பிஸ் புண். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. படுத்திருந்த எதிர்ப்புச் சக்தி எழுந்திருக்கும்போது, உள்ளே இருக்கும் வைரஸோடு மோதி அழற்சி காட்டுகிறது. முதல் சில மாதங்களில் இப்படி நடப்பதுண்டு. ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர், எச்.ஐ.வி.க்கு அதன் மாத்திரை, இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

கேள்வி: சரியான அளவில் பத்து நாள் அசைக்ளோவிர் போட்டும் ஆசனவாய்ப் பக்கத்துப் புண் ஆறவில்லை. ஐந்து வாரம் ஆகிறது.

பதில்: ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத ஹெர்பிஸ் புண், எச்.ஐ.வி. முற்றிய நிலையின் அறிகுறிகளில் ஒன்று. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கையையும் வைரஸ் அளவையும் உடனே பாருங்கள். அது ஹெர்பிஸ்தானா என்பதும் உறுதியாக வேண்டும். சிஃபிலிஸ் என்ற மேகநோயும் இப்படிப் புண் காட்டும், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. தடித்து மேடாக இருந்தால் புற்றுநோயா என்று சிறு சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஹெர்பிஸேதான் என்று தெரிந்து மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால், வைரஸ் அசைக்ளோவிருக்கு எதிர்ப்பு வளர்த்திருக்கலாம். அந்த நிலையில் வாலசைக்ளோவிருக்கு மாறினாலும் பயனில்லை, இரண்டும் ஒரே வழியில் வேலை செய்பவை. ஃபாஸ்கார்னெட் என்ற ஊசி மருந்து தேவைப்படும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, பெரிய மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுக்க முடியும்.

கேள்வி: எட்டு மாதக் கர்ப்பம். எனக்கு எச்.ஐ.வி.யும் ஹெர்பிஸும் உண்டு. குழந்தைக்கு வருமா?

பதில்: பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இரண்டையும் சொல்லிவிடுங்கள், சகோதரி. 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மூன்று வேளை கொடுப்பது வழக்கம். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ குறுகுறுப்போ இருந்தால் ஆபரேஷன்தான் நல்லது. எதுவும் இல்லாவிட்டால் ஹெர்பிஸுக்காக ஆபரேஷன் தேவையில்லை. பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சல், வலிப்பு, தோலில் கொப்புளம் எது வந்தாலோ நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். உதட்டில் புண் உள்ள எவரும், பாட்டியாகவே இருந்தாலும், குழந்தையை முத்தமிட விடாதீர்கள்.