அம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வயது 71. கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலைப் பற்றி வகுப்பில் சொல்லிச் சொல்லியே பல தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்தவர், ஆனால் நேரில் பார்த்ததில்லை. அம்மாவுக்கு 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிரதோஷம் தவறாதவர், சுத்த சைவம். கூட நான், என் கணவர், 11 வயது மகன். ஏஜென்சியில் விசாரித்தால் தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் மூன்றையும் ஏழு நாளில் காட்டுகிறோம் என்கிறார்கள். அதில் அங்கோருக்கு ஒரே ஒரு நாள். எங்கள் குடும்பத்துக்கென்று தனியாக, வழிகாட்டியோடு ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா? செலவு எகிறிவிடுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஏழு நாள் திட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் திட்டத்தில் உங்கள் அப்பா அங்கோர் வாட்டைப் பார்ப்பார், ஆனால் அதன் முன்னால் நிற்க நேரம் இருக்காது. நாற்பது பேர் குழுவில் கொடி பிடித்தவர் பின்னால் ஓட அம்மாவால் முடியாது. பாதி நேரம் அவர் பேருந்திலேயே உட்கார்ந்திருப்பார். அதற்காக அவரைக் கடல் தாண்டி அழைத்துப்போக வேண்டியதில்லை.

தனியாக ஏற்பாடு செய்வது தாராளமாக முடியும். நீங்கள் நினைக்கிற அளவுக்குச் செலவும் எகிறாது. காரணம் எளிது. வழிகாட்டிக்கும் வண்டிக்கும் நாள் கணக்கில், குழுவுக்குச் சேர்த்துத்தான் கட்டணம். தலைக்கு இவ்வளவு என்று இல்லை. ஒருவர் தனியாகப் போனால்தான் கையைக் கடிக்கும். ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும்போது தாங்கக்கூடிய தொகைதான் வரும். மூன்று நாட்டுக்கான விமானச் செலவும் மிச்சம்.

பலர் இணையத்தில் இடங்களைப் பட்டியல் போட்டு ஏஜென்டிடம் நீட்டிவிட்டு, அதைத்தான் நமக்கென்று செய்த திட்டம் என்று நினைக்கிறார்கள். நீங்கள் வேறு மாதிரி ஆரம்பியுங்கள். வருகிற ஐந்து பேரைப் பற்றி எழுதுங்கள். அம்மா எத்தனை படி ஏறுவார், எத்தனை நிமிடம் நடந்தபின் உட்கார வேண்டும், அப்பா எத்தனை மணிக்கு எழுவார், மதியம் படுக்கிற பழக்கம் உண்டா, மாத்திரை எப்போது, பையனுக்குக் கோயில் எத்தனை நேரத்தில் சலிக்கும் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் இருக்கிற இரண்டு மூன்று உள்ளூர் சுற்றுலா நிறுவனங்களுக்கு அதை அனுப்பி, இந்தக் குடும்பத்துக்கு எப்படித் திட்டம் போடுவீர்கள் என்று கேளுங்கள். வருகிற பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். அச்சடித்த திட்டத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறவர்களை விட்டுவிடுங்கள். 'அம்மாவுக்குக் குச்சி வேண்டுமா, ஹோட்டலில் லிஃப்ட் உள்ளதாகப் பார்க்கிறேன்' என்று திருப்பிக் கேட்கிறவர்தான் உங்கள் ஆள்.

அடுத்தது வழிகாட்டி. விமான டிக்கெட்டுக்கும் முன்னால் வழிகாட்டியை முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அங்கோர் வாட்டும் மற்றக் கோயில்களும் சேர்ந்த அங்கோர் வளாகத்துக்குள் அரசு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே விளக்கம் சொல்லலாம். டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுநர் வாசல் வரைதான். உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பதினைந்து நிமிடம் வீடியோ காலில் பேசுங்கள், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தமிழ் பேசும் வழிகாட்டி அங்கே கிடைப்பது அரிது, ஆங்கிலம்தான். கம்போடியாவின் கெமர் மக்களுடைய ஆங்கில உச்சரிப்பு அப்பாவின் காதுக்குப் பிடிபடுகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நான் எப்போதும் ஒரே கேள்வி கேட்பேன்: "நாங்கள் மேலே ஏறிப் பார்க்கும் நேரத்தில் அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்?" கோயிலை உள்ளங்கை போலத் தெரிந்தவர் உடனே ஒரு நிழலைச் சொல்வார்.

இனி நாட்களைப் பற்றி. அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை எடுங்கள். அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு வரம் மாதிரியான வசதி இது. ஒரு நாள் கோயில், மறுநாள் ஓய்வு என்று போட்டுக்கொள்ளலாம். ஓய்வு நாளில் அப்பாவும் பையனும் ஊருக்குள்ளேயே இருக்கிற அங்கோர் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்வரட்டும். 12 வயதுக்குக் கீழே சீட்டு வேண்டாம், ஆனால் பையனின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஆறு இரவு தங்கினால் மூச்சு வாங்காமல் பார்க்கலாம்.

வழக்கமாக எல்லோரையும் முதல் நாளே விடியற்காலையில் அங்கோர் வாட்டுக்கு இழுத்துப்போவார்கள். உங்கள் வீட்டில் ஒரு வரலாற்று ஆசிரியர் இருக்கிறார். அவருக்காக வரிசையை மாற்றச் சொல்லுங்கள், காலவரிசையில் போகட்டும். முதல் நாள் பிற்பகல் ரொலுவோஸ் கோயில்கள். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் இந்திரவர்மன் கட்டிய பாகோங் அங்கேதான் இருக்கிறது. மலைபோல் அடுக்கடுக்காகக் கோயில் எழுப்பும் வழக்கம் எப்படி வளர்ந்தது என்று அதைப் பார்த்தால் விளங்கும். கூட்டமும் குறைவு. இரண்டாம் சீட்டு நாளில் காலையில் பன்தேய் ஸ்ரே, திரும்பும் வழியில் தா ப்ரோம். மூன்றாவது நாள் அங்கோர் வாட், மாலையில் பாயோன். கடைசியாக அங்கோர் வாட்டுக்கு வரும்போது அப்பாவின் கண் பழகியிருக்கும்.

பன்தேய் ஸ்ரே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் அம்மாவின் கோயில். ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். 967இல் பிரதிஷ்டை ஆனது. கட்டியவர் அரசர் அல்ல. யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலை போல அத்தனை நுணுக்கம். கோயில் சிறியது, தரைமட்டம், ஏறி இறங்க அதிகமில்லை. அங்கே ஒரு முகப்பில் சிவன் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, வற்றித் தொங்கிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். பேயுரு வேண்டி வாங்கிக்கொண்டு, கயிலைக்குத் தலையால் நடந்துபோன நம் அம்மையார்! முன்கூட்டியே சொல்லாமல், வழிகாட்டியிடம் மட்டும் சொல்லி வைத்து, அம்மாவை அந்த முகப்பின் எதிரே கொண்டுபோய் நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் நிதானமாக நிற்க இடம் கிடைக்கும்.

தா ப்ரோமில் வேர்கள் சுவரை விழுங்கிக்கொண்டிருக்கும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஏழாம் ஜயவர்மன் 1186இல் தன் தாயின் நினைவாக எழுப்பியது அது. தந்தையின் நினைவாக ஐந்து வருடம் கழித்து எழுப்பியது ப்ரேயா கான். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், நேரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள். தா ப்ரோமைச் சீரமைத்ததில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு, அப்பாவிடம் சொல்லுங்கள். 'தா' என்றால் கெமர் மொழியில் தாத்தா. உங்கள் அப்பாவை அங்கே 'தா' என்றும் அம்மாவை 'யேய்' என்றும்தான் அன்பாகக் கூப்பிடுவார்கள்.

அங்கோர் வாட்டில் ஒரு யோசனை. கோயில் மேற்குப் பார்த்தது. கூட்டமெல்லாம் மேற்கு வாசலில்தான். கிழக்கு வாசல் வழியாக அழைத்துப்போகச் சொல்லுங்கள். மரங்களுக்கு நடுவே அமைதியான மண்பாதை. கோயிலின் கிழக்குச் சுற்றுமண்டபச் சுவரில் பாற்கடல் கடைந்த சிற்பக் காட்சி, சுமார் 49 மீட்டர் நீளத்துக்கு. 92 அசுரர், 88 தேவர், நடுவில் திருமால், கீழே ஆமை. பையனை வாசுகியின் வால் நுனி வரை நடக்கவிட்டு அங்கே யார் பிடித்திருக்கிறார் என்று கேளுங்கள். அனுமன்! மேற்குப் பக்கம் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் இருக்கின்றன; அம்புப் படுக்கையில் பீஷ்மரை அம்மா தானே கண்டுபிடித்துவிடுவார்.

உச்சியில் இருக்கும் பாகான் தளத்துக்குப் போகும் படி மிகச் செங்குத்து. அம்மா வேண்டவே வேண்டாம், 12 வயதுக்குக் கீழே பிள்ளைகளையும் விடமாட்டார்கள். அப்பாவுக்கு இதயப் பிரச்சினை எதுவும் இல்லை என்றால், ஒருவர் துணையோடு மெதுவாக ஏறலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பௌத்த விரத நாட்களில் அந்தத் தளம் மூடியிருக்கும். அவை அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமியை ஒட்டி வருவதால் வீட்டுத் தினசரிக் காலண்டரிலேயே உத்தேசமாகப் பார்த்துவிடலாம். ஓரிரு நாள் மாறக்கூடும், வழிகாட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்பாவிடம் மென்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கட்டியவர் 12ஆம் நூற்றாண்டின் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன். அந்த மக்களின் கொடியிலேயே இருக்கிற கோயில் அது. வழிகாட்டியிடம் இதை விவாதமாக்க வேண்டாம். உண்மையான தொடர்பே போதுமான அளவு இருக்கிறது: கம்போஜ அரசர் குலோத்துங்க சோழனுக்குக் காட்டிய ஓர் அபூர்வக் கல் சிதம்பரம் கோயிலில் வைக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்தச் செய்தியை அப்பா சொன்னால் வழிகாட்டி குறித்துக்கொள்வார். இன்னொன்று, ஐம்பது வயது தாண்டிய வழிகாட்டி என்றால் 1975 முதல் 1979 வரையான போல் பாட்டின் கொடுங்கோல் ஆட்சிக் காலத்தில் வீட்டில் யாரையாவது இழந்திருக்கலாம். அவராகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகக் கிளற வேண்டாம்.

சாப்பாடு. அங்கே காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு விடுவார்கள்; ப்ராஹோக் என்கிற புளித்த மீன் விழுது எதிலும் கலந்திருக்கும். அதனால் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'மீன் சாறு, ப்ராஹோக், இறால், முட்டை எதுவும் வேண்டாம்' என்று கெமர் எழுத்தில் வழிகாட்டியிடம் ஒரு அட்டை எழுதி வாங்கி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. ஆனாலும் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எடுத்துப் போவதில் தப்பே இல்லை.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்த நாள் எந்த வண்டி, ஏ.சி. உண்டா, நுழைவுச் சீட்டு சேர்த்தியா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். முக்கியமாக, கடைகளுக்கு அழைத்துப்போகக் கூடாது என்ற வரி. ஒரு பயணத்தில் இதை எழுதி வாங்காமல் விட்டேன். என் மாமியாரை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பிற்பகல் பட்டுக் கடையிலும் ரத்தினக் கடையிலும் போயிற்று. கோயிலுக்குப் போனபோது வாசல் மூடும் நேரம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்று பணம் வாங்கும்போதே வரி பிடிப்பார்கள், ரசீதை வைத்திருங்கள், வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.

டாலர் நோட்டு கிழிசல், மடிப்பு, பேனாக் கீறல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அங்கே சின்னக் கிழிசல் இருந்தாலும் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சில்லறையாக ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் நிறைய வேண்டும்.

சுற்றுலா விசாவை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் இ-அரைவல் என்கிற இணைய வருகைப் படிவமும் நிரப்ப வேண்டும், அது இலவசம். கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் பறந்து போங்கள். 2025இல் தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்ததால் தரைவழியும், எல்லையோரத்து ப்ரேயா விஹியர் கோயிலும் இந்தப் பயணத்தில் வேண்டாம். கிளம்பும் முன் இந்தியத் தூதரக அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதனால் வண்டி காத்திருக்கும்படி சொல்லி வையுங்கள். 70 தாண்டிய அப்பாவுக்குப் பழைய நோய்களையும், அவசரத்தில் வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதையும் சேர்த்த காப்பீடு அவசியம்.

மே விடுமுறையில் போகாதீர்கள், வெயில் நம் ஊரையே தோற்கடிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதமான காலம். அரையாண்டு விடுமுறை பொருந்தும், கூட்டம் இருக்கும். பொங்கலை ஒட்டி ஒரு வாரம் பையனுக்கு லீவு கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. நல்ல வழிகாட்டிகள் அந்தச் சமயத்துக்கு மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்து, எத்தனை படி ஏற முடிகிறது என்று கேட்டு, அந்த ஒரு பக்கத்தை எழுதிவிடுங்கள்.