ஸ்டூடியோவில் இருக்கும் நாஸ் பெட்டியை வெளியூரிலிருந்து பாதுகாப்பாகத் திறப்பது எப்படி? ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டால் போதுமா?

கேட்டவர் குடியாத்தத்தில் கல்யாண போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நான்கு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பைல் எடுத்துக்கொள்ளும் டிஸ்க் பெட்டி) ஸ்டூடியோவில் இருக்கிறது, ஆல்பம் டிசைன் செய்பவர் சென்னையில் இருக்கிறார், இவரோ முகூர்த்த நாட்களில் மண்டபம் மண்டபமாக அலைகிறார். நெட் இணைப்பு கொடுக்க வந்தவர் "ரவுட்டர்ல போர்ட் தொறந்துட்டா எங்க இருந்தாலும் எடுத்துக்கலாம் சார்" என்று சொன்னாராம்.

வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் முதலில் ரவுட்டருக்குள் போய் அந்த போர்ட் ஃபார்வர்டிங் வரியை (வெளியிலிருந்து தட்டுபவரை நேராகப் பெட்டிக்கு அனுப்பும் வரி அது) அழித்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு ஆடிட்டர் ஆபீஸ், ஸ்டூடியோ, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஆபீஸ்கள் என்று நெட்வொர்க் வேலை செய்பவன். சில வருடங்களுக்கு முன் ராணிப்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஆபீஸிலிருந்து "பெட்டி ரொம்ப ஸ்லோவா இருக்கு அண்ணா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள். டிஸ்க் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். டிஸ்க் நன்றாகவே இருந்தது. யார் எப்போது நுழையப் பார்த்தார்கள் என்று பெட்டி எழுதிவைக்கும் லாக் பதிவைத் திறந்தால் பக்கம் பக்கமாக "லாகின் தோல்வி" என்று ஓடுகிறது. அட்மின், அட்மின், ரூட், டெஸ்ட், பேக்கப், மறுபடி அட்மின், சில நொடிக்கு ஒரு முயற்சி, ராத்திரி இரண்டு மணிக்கும் நிற்கவில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு நாட்டு முகவரியிலிருந்து. அங்கே இருந்ததே அட்மின் என்ற ஒரே கணக்குதான், அதன் பாஸ்வேர்டு கடைப் பெயரும் வருடமும். அன்றுவரை யாரும் உள்ளே நுழையவில்லை, ஆனால் அந்தப் பதிவைப் பார்த்த பிறகு அந்த முதலாளி ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவருடைய எட்டு வருடக் கணக்கும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

"குடியாத்தத்தில் இருக்கும் என் ஸ்டூடியோவை எவன் தேடி வரப்போகிறான்" என்று தோன்றும். யாரும் தேடி வருவதில்லை. இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன, திறந்திருக்கும் கதவு எது என்பதுதான் அவற்றுக்கு வேண்டும். பாஸ்வேர்டு கடினமாக இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம்) க்யூனாப் பிராண்டு நாஸ் பெட்டிகளைத் தாக்கியபோது மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகவே உள்ளே வந்தது, யாருடைய பாஸ்வேர்டையும் ஊகிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பைல்களை செவன்-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுக் கட்டிவைத்துவிட்டு 0.01 பிட்காயின் கேட்டார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்தது, அதற்கு 0.03 பிட்காயின். சினாலஜி பெட்டிகளுக்கு 2014-லேயே சினோலாக்கர் வந்திருக்கிறது. அதனால் எந்தப் பிராண்டு வாங்கினேன் என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. பெட்டியின் லாகின் பக்கம் வெளியுலகத்துக்குத் தெரியவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? பெட்டியை வெளியே கொண்டுவராமல் உங்கள் போனையும் டிசைனரின் கம்ப்யூட்டரையும் ஸ்டூடியோ நெட்வொர்க்குக்குள் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் விபிஎன். வேறு நாட்டுப் படம் பார்ப்பதற்கென்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வகை விபிஎன் இதற்கு உதவாது. இது உங்கள் சாதனங்களுக்குள் மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளும் தனிப் பாதை.

எதைப் போடுவது என்று முடிவு செய்யும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஒரு எண் இருக்கும். கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடினால் இன்னொரு எண் வரும். அந்த இரண்டாவது எண்ணும் ரவுட்டரில் உள்ள மாதிரியே நான்கு பகுதி எண்ணாக இருந்தால்தான் ஒப்பிட முடியும், எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வந்தால் அது ஐபிவி6, அதை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று பொது முகவரி இருக்கிறது. ரவுட்டரில் உள்ளது 100.64-லிருந்து 100.127 வரைக்குள் அல்லது 10 என்று ஆரம்பித்தால், நெட் கம்பெனி பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கத்து பைபர் இணைப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்த இரண்டாவது வகைதான். அதில் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, "ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்க சார்" என்று, உங்களுக்கென்று மாறாத ஒரு முகவரி தர, கூடுதல் பணம் கேட்பார்கள். இதற்காக அதை வாங்க வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது டெயில்ஸ்கேல். வயர்கார்டு என்ற விபிஎன் முறையின் மேல் கட்டப்பட்டது, பொது முகவரி இல்லாத இணைப்பிலும் வேலை செய்யும், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. சினாலஜி, க்யூனாப் இரண்டின் ஆப் பட்டியலிலும் கிடைக்கும். பெட்டியில் போட்டு லாகின் செய்யுங்கள், உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் போடுங்கள், அவ்வளவுதான், பெட்டிக்கு 100 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரி கிடைக்கும், ஸ்டூடியோவில் எப்படித் திறப்பீர்களோ அப்படியே அந்த முகவரியைப் போட்டுத் திறக்கலாம். டிசைனருக்கு உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள், பெட்டியை மட்டும் அவர் கணக்கோடு பகிரும் வசதி அதிலேயே இருக்கிறது. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, அந்த டெயில்ஸ்கேல் கணக்கு உங்கள் ஜிமெயிலோடு சேர்ந்தது என்றால் அந்த ஜிமெயில்தான் இனி ஸ்டூடியோ சாவி, அதற்கு இரண்டடுக்கு சரிபார்ப்பு கட்டாயம் போடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு சாதனத்துக்கும் டெயில்ஸ்கேல் கொடுக்கும் நுழைவுச் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதி ஆகும். நாஸ் பெட்டிக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்கள் திருப்பத்தூரில் ஒரு ரிசப்ஷனில் நிற்கும்போது இணைப்பு அறுந்துபோகும், திரும்பி வந்து லாகின் செய்தால்தான் வரும்.

பொது முகவரி இருக்கிறது, ரவுட்டரிலேயே வயர்கார்டு இருக்கிறது என்றால் அதையே நேராகப் போடலாம், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஒரே ஒரு யுடிபி போர்ட் திறந்திருக்கும், ஆனால் சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது, வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். அப்படிப் போட்டால் ஸ்டூடியோ நெட்வொர்க்கை 192.168.1 வரிசையிலிருந்து 192.168.57 மாதிரி வேறு எதற்காவது மாற்றிவிடுங்கள். டிசைனர் வீட்டு ரவுட்டரும் அதே வரிசையில் இருந்தால் இரண்டும் மோதிக்கொண்டு பெட்டி தெரியாது.

இது முடிந்ததும் பெட்டிக்குள் வாருங்கள். வேறு பெயரில் ஒரு நிர்வாகி கணக்கு உருவாக்கி, பழைய அட்மினை முடக்குங்கள். டிசைனருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள், அவருக்கு அந்தந்தக் கல்யாணத்தின் போல்டர் போதும். ரவுட்டரில் யுபிஎன்பி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது இருந்தால் பெட்டி உங்களைக் கேட்காமல் தானே போர்ட்டைத் திறந்துகொள்ள முடியும். பைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி பெட்டியில் இருந்தால் தினமும் எடுக்கட்டும். வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் வாரம் ஒரு காப்பி எடுத்து, எடுத்தவுடன் கேபிளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். டிஸ்க் ஒன்று செத்தால் ரெய்டு (பல டிஸ்கில் சேர்த்து எழுதிவைக்கும் முறை) காப்பாற்றும், ரான்சம்வேர் வந்தால் காப்பாற்றாது, பூட்டின பைலையே எல்லா டிஸ்கிலும் ஒழுங்காக எழுதி வைக்கும்.

அப்லோட் வேகத்தையும் பாருங்கள். ஒரு கல்யாணம் 40 ஜிபி என்று வைத்தால் 10 எம்பிபிஎஸ் அப்லோடில் சென்னைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும். ரா பைலை அனுப்பாமல் சின்ன ஜேபெக்கை டிசைனர் எடுத்துக்கொண்டு வேலை செய்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அப்புறம் கரண்ட். பெட்டியை யுபிஎஸ்ஸில் போட்டு யுஎஸ்பி கேபிளையும் இணைத்தால் பேட்டரி தீரும் முன் அதுவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். கரண்ட் வந்ததும் தானே இயங்கும்படியும் செட் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சென்னையில், பெட்டி இங்கே அணைந்து கிடக்கும். அக்னி நட்சத்திர நேரத்து நம் வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே பரண் மேல் வைக்கவே வேண்டாம்.

எல்லாம் போட்ட பிறகு ஸ்டூடியோ வைஃபையில் இருந்துகொண்டே திறந்து பார்த்துவிட்டு "வேலை செய்யுது" என்று விட்டுவிடாதீர்கள். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், முடிந்தால் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு போல்டரைத் திறங்கள். பிறகு விபிஎன்னை அணைத்துவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள், இந்தத் தடவை திறக்கவே கூடாது. திறந்தால் எங்கோ ஒரு கதவு இன்னும் மூடாமல் இருக்கிறது, ரவுட்டர் பக்கத்தின் படத்தை பாஸ்வேர்டும் ஐபியும் மறைத்து கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.