பழைய வால்வு ஆம்பிளிஃபையர் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: சான் ஹோசேயில் ஒருவர் 1972ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்பிளிஃபையரை விற்கிறார். நேரில் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நான் வரும்வரை ஆன் செய்யாதீர்கள் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். சூடேறினால் ஒளிந்துகொள்ளும் கோளாறு உண்டு, சூடேறினால்தான் தலைகாட்டும் கோளாறும் உண்டு. குளிர்ந்த நிலையில் தொடங்கி அரைமணி நேரம் வாசியுங்கள்.

கிட்டாரைச் செருகாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் காதைக் கொடுங்கள். அப்போதும் தடித்த உறுமல் கேட்டால் பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். பின்பக்கம் குனிந்து, 6வி6 எனப்படும் இரண்டு பெரிய கண்ணாடிக் குழாய் வால்வுகளையும் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் எரிவது இழை, அது இயல்பு. அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகடு சிவக்கத் தொடங்கினால் உடனே அணைத்துவிடுங்கள். பிறகு சிறிய வால்வுகளைப் பென்சில் முனையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்ததுபோல் ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். சின்னச் செலவுதான், அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது டிரான்ஸ்பார்மருக்கு. அதில் 606217 என்றிருந்தால் 606 அதைத் தயாரித்த ஷூமாக்கர் நிறுவனம், 2 ஆண்டின் கடைசி இலக்கம், 17 வாரம். இந்த எண் ஆம்பின் ஆண்டோடு பொருந்தவில்லை என்றால் ஒருகாலத்தில் எரிந்து, மாற்றப்பட்டிருக்கலாம். விலை குறைய வேண்டும்.

கேள்வி: வீட்டில் வாசிக்க 15 வாட் போதுமா?

பதில்: தாராளமாக. 30 வாட்டுக்குப் போனாலும் கூடுவது 3 டெசிபெல்தான்.

கேள்வி: வால்வுக்குள் நீல ஒளி தெரிகிறது. கெட்டுப்போனதா?

பதில்: கண்ணாடியை ஒட்டிய நீலம் என்றால் கவலையில்லை. உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு பால்வெள்ளையாக வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அது முடிந்துபோன வால்வு.

கேள்வி: 1966 டீலக்ஸ் ரிவெர்ப், கெப்பாசிட்டர்கள் உட்பட எல்லாம் அசல் என்று பெருமையாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் கெப்பாசிட்டர்களை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு. வால்வுகள் இருக்கும் பக்கத்தில் ஒரு தகர மூடி இருக்கும். அதற்குள் ஐந்து மின்பகுப்புக் கெப்பாசிட்டர்கள். அவற்றின் ஈரம் ஆண்டுக்கணக்கில் காய்ந்துகொண்டே வருகிறது. ஒன்று ஷார்ட் ஆனால், ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வும் பவர் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகலாம். அந்தக் கால இரண்டு பின் வயர் இருந்தால் அதையும் மாற்றி மூன்று பின் போடுங்கள். மின்கம்பிக்கும் ஆம்பின் உலோகச் சட்டகத்துக்கும் நடுவே உள்ள சிறு கெப்பாசிட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது ஷார்ட் ஆனால் மின்சாரம் கிட்டார் தந்திவரை வரும்.

கேள்வி: நான் ஒப்பவில்லை. அசல் பாகத்தை எடுத்தால் மதிப்பும் போகும், ஒலியும் போகும். ஐம்பது ஆண்டு ஓடியது இன்னும் ஓடாதா?

பதில்: மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுகிறோம். பலாக்கட்டை அதேதான், மிருதங்கம் போய்விட்டது என்று எவரும் சொல்வதில்லை. இங்கே கட்டை என்பது டிரான்ஸ்பார்மர்கள், ஸ்பீக்கர், ஒலி போகும் பாதையில் உள்ள பாகங்கள். அவற்றைத் தொடாதீர்கள் என்று நானே மன்றாடுவேன். காய்ந்த கெப்பாசிட்டர் தருவது பழைய ஒலி அன்று. தளர்ந்த தாழ்சுருதியும் உறுமலும்தான். 1966இல் புதிதாக வாங்கியவர் அந்த ஒலியைக் கேட்டதே இல்லை.

கேள்வி: வீடியோ பார்த்து நானே மாற்றலாமா?

பதில்: கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். வடிக்கத் தெரிந்தவர் மட்டுமே திறக்கட்டும்.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து கோவைக்குக் கொண்டுவருகிறார். அப்படியே செருகலாமா?

பதில்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் கண்ணெதிரே எரியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். டீலக்ஸ் ரிவெர்புக்கு 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறன் போதும். எர்த் தொடர்ச்சி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பின்பலகையில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் எழுதியிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடேறும். நீண்ட நேரம் ஓட்டுமுன் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மாடித் தனியறைக்கு 22 வாட் போதுமா?

பதில்: 15 வாட்டே போதும் என்று மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பிளிஃபையரின் தலைப்பெட்டி மட்டும் கிடைக்கிறது. ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சுமை இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகலாம். ஓம் அளவு பொருந்தும் ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: டிஜிட்டல் மாடலிங் ஆம்பில் எது நல்லது?

பதில்: அது என் துறை அன்று. அதை நாள்தோறும் வாசிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒப்பாதவன் மீண்டும். சரி, மாற்றுகிறேன். எடுத்த பழைய பாகங்களை என்ன செய்ய?

பதில்: ஒன்றையும் எறியாதீர்கள். பையில் போட்டு, எடுத்த தேதியை எழுதி, பெட்டியின் அடியில் வையுங்கள். நாளை உங்களிடம் வாங்குபவர் கேட்கும்போது அந்தப் பையையும் சேர்த்துக் கொடுங்கள்.