அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், ஊறவிடுங்கள்: பிரஷர் வாஷர் கேள்வி பதில்

கேள்வி: சிமென்ட் தரையை பிரஷர் வாஷரால் கழுவினேன். காய்ந்ததும் வரிவரியாகக் கோடு தெரிகிறது. மறுபடி கழுவியும் போகவில்லையே?

காய்ந்த தரையில் கோட்டின் மேல் விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பு மாறாமல் இருந்தால் அது அழுக்குக் கோடுதான். நாசில் (நீர் பீய்ச்சும் முனை) போன இடம் வெளுத்து, நடுவில் பாசி தங்கிவிட்டது. மணல் மணலாக நெருடினால், மேற்பூச்சின் சிமென்ட் அரித்துப்போய் உள்ளே இருந்த மணல் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. மேற்கொண்டு கழுவினால் இன்னும் அரிக்கும்.

கையை வளைத்து வீசுவதால்தான் இப்படி ஆகிறது. வீச்சின் நடுவில் நாசில் தரையை நெருங்குகிறது, இரு ஓரங்களில் விலகுகிறது. நீர் விசிறியாக விரிவதால் தூரம் இரண்டு மடங்கானால் நீர் தரையில் மோதும் விசை பாதிக்கும் கீழே போய்விடும்.

அழுக்குக் கோடாக இருந்தால் முதலில் ஊறவிடுங்கள். ஒரு பங்கு வீட்டு ப்ளீச் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துக் கைத்தெளிப்பானால் தெளியுங்கள். வெயில் இல்லாத நேரமாக, காயாமல் 10 நிமிடம் இருக்கட்டும். வாஷரின் பம்ப் வழியாக ப்ளீச்சை விடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். பக்கத்தில் செடி இருந்தால் முன்னும் பின்னும் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். ப்ளீச் பட்ட தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பிறகு 25 டிகிரி கோணத்தில் நீர் விரியும் பச்சை நாசிலை மாட்டி, தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் பிடித்து, கையை ஆட்டாமல் பின்னோக்கி நடந்தபடி நேர்கோட்டில் கழுவுங்கள். ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் மேல் மூன்றில் ஒரு பங்காவது ஏற வேண்டும். பெரிய தரையாக இருந்தால் வட்ட மூடி போன்ற சர்ஃபேஸ் கிளீனரை வாங்கிக்கொள்வது நல்லது. அதற்குள் நாசில்கள் ஒரே உயரத்தில் சுழல்வதால் கோடே விழாது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டாக இருந்தால் 28 நாளாவது பொறுங்கள்.

கேள்வி: ஐந்து நிற நாசில் கொடுத்திருக்கிறார்கள். எது எதற்கு?

பம்ப் ஒன்றுதான், நீர் விரியும் கோணம்தான் மாறுகிறது. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கருப்பு, சோப்பு தெளிக்க மட்டும். வீட்டு வேலைக்குச் சிவப்பு தேவையே இல்லை. அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அவசரத்தில் மாட்டிவிடக் கூடாது. எந்தப் பரப்பானாலும் வெள்ளையில், ஓர் ஓரத்தில், எட்ட நின்று தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். மரமாக இருந்தால் வெள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 30 செ.மீ.க்குக் கிட்டே போகாமல் மர ரேகை ஓடும் திசையில் கழுவினால் நார் எழும்பாது.

சோப்பை மட்டும் சுவரில் கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும். மேலிருந்து தெளித்தால் வழிந்த தாரைகள் கறையாக நிற்கும். அலசுவது மேலிருந்து கீழாக.

கேள்வி: தண்ணீர் பீய்ச்சும்போது விரலில் பட்டுச் சிறு ஓட்டை மட்டும் விழுந்திருக்கிறது. வலி அதிகம் இல்லை. மருந்து போட்டால் போதுமா?

போதாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம். வீட்டு மின் வாஷர்களே 100 முதல் 140 பார் (bar என்ற அழுத்த அலகு) அழுத்தத்தில் இயங்குபவை. அந்த வேகத்தில் தோலைத் துளைத்த நீர், அழுக்கையும் கிருமியையும் சோப்பையும் சுமந்துகொண்டு தசைநார் வழியே உள்ளங்கை வரைகூடப் பரவிவிடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். மணிக்கணக்கில் உள்ளே வீங்கி ரத்த ஓட்டத்தை அடைத்தால் விரலையே இழக்க நேரலாம்.

மருத்துவரிடம் "வெட்டுக்காயம்" என்று சொல்லாதீர்கள். "அதிக அழுத்தத்தில் நீர் தோலுக்குள் பாய்ந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். எந்த சோப்பு, எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் சொல்லுங்கள். ரப்பர் கையுறையும் செருப்பும் இதைத் தடுக்காது. மூடிய ஷூ, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். கையை விட்டதும் ட்ரிகர் பூட்டைப் போடுங்கள். ஏணியில் ஏறி நின்று ஒருநாளும் பீய்ச்சாதீர்கள், கையில் பிடித்திருக்கும் கன் பின்னுக்கு உதைத்தால் கீழே தள்ளிவிடும். எட்டாத இடத்துக்கு நீட்டிப்புக் குழாய் கிடைக்கிறது.

கேள்வி: தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. பம்ப் போய்விட்டதா?

பெரும்பாலும் பம்பில் கோளாறு இருக்காது, தண்ணீர் பற்றாக்குறைதான். இயந்திரத்தில் மணிக்கு 420 லிட்டர் என்று எழுதியிருந்தால், நிமிடத்துக்கு 7 லிட்டர் கேட்கிறது. வாஷரில் செருகும் ஹோஸ் முனையை 20 லிட்டர் வாளியில் விட்டுப் பாருங்கள். 2 நிமிடத்துக்குள் நிறைந்தால் போதுமான வரத்து இருக்கிறது. நிறையாவிட்டால் ஹோஸைக் குட்டையாக்குங்கள், தடிமனானதாக மாற்றுங்கள்.

வரத்து சரியாக இருந்தால் நுழைவாயில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு ஹோஸ் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் வழியே காற்று உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, மோட்டாரை அணைத்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு நாசிலைக் கழற்றி, மெல்லிய கம்பியால் குத்தித் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

ட்ரிகரை விட்டபிறகும் மோட்டார் தானாக நின்று நின்று ஓடினால் அது வேறு கோளாறு. அழுத்தக் குழாயிலோ கன்னிலோ எங்கோ கசிகிறது.

ஒவ்வொரு முறையும் முதலில் தண்ணீரைத் திறந்து, ட்ரிகரை அழுத்திக் காற்றுக் குமிழி நின்று சீராக ஓடியபிறகே ஸ்விட்ச் போடுங்கள். நிறுத்தும்போது ஸ்விட்ச், குழாய், பிறகு ட்ரிகரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விடுவது, இந்த வரிசைதான். மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக் காப்பு (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் RCCB) இல்லாமல் ஓட்ட வேண்டாம். பெட்ரோல் வாஷரை மூடிய இடத்தில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழுவலாமா?

கூடாது. அழுத்த நீர் பட்டால் நார் பிய்ந்து தெறிக்கும். காய்ந்ததும் அது காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும், புற்றுநோய் தரக்கூடியது. ஈய வண்ணம் பூசிய பழைய சுவரையும் விட்டுவிடுங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும், சாதாரண ஹோஸ் போதும். வண்டி டயருக்கு 30 செ.மீ. தள்ளியே பிடியுங்கள்.