இரைச்சல் யாருடையது?

வீட்டில் பாட்டும் பேச்சும் பதிவு செய்யும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் பலவும் "வேறு மைக் வாங்கிவிடட்டுமா?" என்றே முடிகின்றன. பொறுங்கள். கேட்கும் இரைச்சல் மின்சாரத்தினுடையதா, அறையினுடையதா, கணினியினுடையதா, மைக்கினுடையதா என்று தெரியாமல் எதை மாற்றினாலும் காசுதான் கரையும்.

கேள்வி: தேவாரம், திருப்புகழ் பாடிப் பதிவு செய்கிறேன். கண்டன்சர் மைக், சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மடிக்கணினி வைத்திருக்கிறேன். ஹெட்போனில் எந்நேரமும் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை. மடிக்கணினிமேல் கை வைத்தால் குறைகிறது, எடுத்தால் திரும்ப வருகிறது. மைக் கெட்டுவிட்டதா? — வாசகி, செந்தூல்

பதில்: மைக் நன்றாகத்தான் இருக்கிறது. கை வைத்தால் குறைகிறது என்று விடையையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் மடிக்கணினிக்கு எர்த் கிடைக்கவில்லை. அந்த வேலையை உங்கள் உடம்பு அரைகுறையாகச் செய்கிறது.

சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் 30 விநாடி வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். ஓசை நின்றுவிட்டால் காரணம் சார்ஜர்தான். ரேடியோ அலைத் தொல்லையை அடக்க, சார்ஜருக்குள் மின்சாரப் பக்கத்தையும் கணினிப் பக்கத்தையும் இணைத்து ஒரு சிறு கப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியே கொஞ்சம் மின்னோட்டம் கசியும். எர்த் இருந்தால் அது அப்படியே இறங்கிப் போய்விடும். இல்லாவிட்டால் மடிக்கணினியின் உலோக உடம்பில் ஏறி உட்காரும். வெறுங்காலோடு நின்று மூடியை விரலால் தடவிப் பாருங்கள், சுறுசுறுவென்று இருக்கும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த கசிவுதான். ஆனால் மைக்கிலிருந்து வரும் சிக்னல் அதைவிட நுண்ணியது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு கால் பிளக்கை வைத்துக்கொண்டு, சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி மூடியைத் திறந்து செருகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த மேல் ஓட்டைதான் எர்த். குத்தித் திறந்தாலும் அதில் எதுவும் செருகப்படுவதில்லை. ஓசையை விடுங்கள், அது ஆபத்து. இன்றே நிறுத்துங்கள்.

சார்ஜர் பெட்டியில் கம்பி நுழையும் வாயைப் பாருங்கள். எட்டு வடிவில் இரண்டு கால் என்றால் எர்த் வராது. பதிவு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுவதே வழி. மூன்று இலை வடிவில் மூன்று கால் என்றால் எர்த் வரும். அதற்கான, 13 ஆம்பியர் மூன்று கால் பிளக் உள்ள கம்பியைச் சரியாகச் செருகியிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

எர்த் சரியாக இருந்தும் ஓசை கேட்டால், ஸ்பீக்கரைக் கவனியுங்கள். மடிக்கணினி ஒரு சாக்கெட்டிலும் ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில் இன்னொரு சாக்கெட்டிலும் எர்த் ஆகி, நடுவில் ஆடியோ கம்பியும் இணைத்தால் ஒரு வளையம் உருவாகும். அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றும். எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். ஸ்பீக்கருக்கு, பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் போட்ட பேலன்ஸ்டு கம்பியை வாங்குங்கள். "எர்த் காலை வெட்டிவிடு, ஓசை போய்விடும்" என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். போகும். மின்கசிவு ஏற்பட்டால் உங்களைக் காக்கும் வழியும் சேர்ந்து போகும்.

பேட்டரியில் ஓட்டியும் நிற்கவில்லையா? மைக் கம்பியைச் சோதியுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, கம்பி முனையிலுள்ள எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று கால் பிளக்கின் 1, 2, 3 கால்கள் மறுமுனையில் அதே எண்ணோடு இணைந்திருக்கின்றனவா, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1 என்பது கவசம். 2-ம் 3-ம் ஒரே சிக்னலை எதிரெதிராகச் சுமப்பவை. வழியில் ஏறும் மின்சார ஓசை இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால், இன்டர்ஃபேஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது அது காணாமல் போகிறது. அதில் ஒரு கம்பி அறுந்தாலும் பாட்டு கேட்கும், ஆனால் மெலிந்து கேட்கும், ஓசையும் சேர்ந்துகொள்ளும். மைக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டி ஓட்டவே கூடாது. கடந்துதான் போகவேண்டும் என்றால் குறுக்காகக் கடக்க விடுங்கள்.

உங்களுக்குக் கேட்பது ‘ம்ம்ம்’ இல்லாமல் ‘கீ...’ என்ற மெல்லிய விசில் என்றால் கதை வேறு. யுஎஸ்பி வழியாகக் கணினி ஒரு விநாடிக்கு 1,000 முறை தரவைத் துண்டு துண்டாக அனுப்பும். அந்தத் துடிப்பு மின் வழியில் கலந்தால் 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகக் கேட்கும். ஹப்பை நீக்கி நேரே கணினியில் செருகுங்கள், அல்லது மறுபக்கத்து யுஎஸ்பி வாயை முயலுங்கள்.

கேள்வி: பாட்காஸ்ட்டுக்காக எல்லோரும் புகழும் டைனமிக் மைக் வாங்கினேன். கெயினை (சிக்னலைப் பெருக்கும் குமிழை) முழுசாகத் திருப்பினால்தான் குரல் ஏறுகிறது, கூடவே ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைகிறது. — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கணக்குப் போட்டால் புரியும். உதாரணத்துக்கு ஷூர் எஸ்எம்7பி. 94 டெசிபல் சத்தத்துக்கே அது 1.12 மில்லிவோல்ட்தான் தரும். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் குரல் 74 டெசிபல் அளவில் போய்ச் சேரும். அப்போது கிடைப்பது 0.11 மில்லிவோல்ட். இதற்கு 60 டெசிபல் கெயினாவது வேண்டும். சிறிய இன்டர்ஃபேஸ்கள் பலவும் அந்த அளவை எட்டுவதில்லை. எட்டும் இடத்தில் அவற்றின் சொந்த இரைச்சலும் மேலே வந்துவிடும்.

காசு செலவில்லாத மருந்து தூரம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். 20 சென்டிமீட்டரிலிருந்து 5-க்கு வந்தால் 12 டெசிபல். அவ்வளவு நெருங்கினால் குரலில் அடித்தொனி ஊதிப்போகும், அதனால் மைக்கிலுள்ள பாஸ் குறைக்கும் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். ‘ப’ சொல்லும்போது காற்று நேரே மோதாதபடி கொஞ்சம் பக்கவாட்டில் பேசுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால், மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் செருகும் சிறு ப்ரீஆம்ப் 25 டெசிபல் அளவுக்குக் கூட்டித் தரும். அதற்கு, இன்டர்ஃபேஸ் மைக் கம்பி வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தை, அதாவது பேண்டம் பவரை, போட வேண்டும். ப்ரீஆம்ப் அந்த மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், மைக்குக்கு விடாது.

அதை வாங்கும் முன் இரைச்சல் இன்டர்ஃபேஸுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். மைக்கை வெறுமனே உருவிவிட்டுக் கேட்பது சரியான சோதனை இல்லை; எதுவும் செருகாத இன்டர்ஃபேஸ் வாய் கூடுதலாக இரையும். புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு எக்ஸ்எல்ஆர் பிளக்கும் 150 ஓம் ரெசிஸ்டரும் வாங்கி, 2-க்கும் 3-க்கும் நடுவில் பற்றவைத்து, பேண்டம் பவரை அணைத்துவிட்டு மைக்கின் இடத்தில் செருகுங்கள். கெயினைத் தொடாதீர்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது இன்டர்ஃபேஸுடையது. குறைந்துவிட்டால் அது உங்கள் அறை.

பெரும்பாலும் அறைதான். மைக்கின் சொந்த இரைச்சல் ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு 20 டெசிபல், ரோட் என்டி1-க்கு 4.5 டெசிபல். தாளில் பெரிய வித்தியாசம். காத்தாடி சுற்றும் அறையில் இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் காத்தாடி இரண்டையும் மூழ்கடித்துவிடும்.

கேள்வி: கண்டன்சர் மைக்கில் மழைக்காலத்தில் மட்டும் ‘பட்... பட்... சர்ர்’ என்று வெடிக்கிறது. கம்பி மாற்றியும் பயனில்லை. — வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: மைக்கை எந்நேரமும் ஸ்டாண்டிலேயே விட்டிருக்கிறீர்கள், அப்படித்தானே? பினாங்கில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கண்டன்சர் மைக்குக்குள் மெல்லிய சவ்வும் ஒரு தகடும் மயிரிழை இடைவெளியில் மின்னழுத்தத்தோடு நிற்கின்றன. அந்த இடத்தில் ஈரமும் எச்சில் தூசியும் படிந்தால் மின்னேற்றம் அவ்வப்போது கசியும். ஒவ்வொரு கசிவும் ஒரு ‘பட்’. மின்னழுத்தத்தோடு நிற்கும் தகடு இல்லாத டைனமிக் மைக்குக்கு இந்த நோய் கிடையாது.

பேண்டம் பவரை அணைத்து, அரை நிமிடம் கழித்து மைக்கைக் கழற்றுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஓரிரு நாள் மூடி வையுங்கள். டப்பாவுக்குள் சிறு ஈரப்பதமானி ஒன்றும் இருக்கட்டும். 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நின்றால் போதும். கேமரா கடைகளில் விற்கும் மின்சார உலர்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. அரிசிப் பானை வேண்டாம், மாவுத் தூசி உள்ளே போகும். முடி உலர்த்தியும் வேண்டாம். வலையைத் திறந்து சவ்வைத் துடைக்க நினைக்கவே நினைக்காதீர்கள். மூச்சு பட்டாலே கெடும் பொருள் அது.

ஏர்கோன் அறையிலிருந்து குளிர்ந்த மைக்கை வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி படிவதுபோல உள்ளேயும் படியும். அரை மணி நேரம் விட்டு மின்சாரம் கொடுங்கள். உலர்ந்த பிறகும் வெடித்தால் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: நடுவில் திடீரென்று ‘டிட் டிடிட் டிடிட்’ என்று ஒரு சத்தம் பதிவாகிறது. — வாசகி, ஜோர்ஜ் டவுன்

பதில்: கைப்பேசி. 2ஜி அலைவரிசைக்கு மாறும்போது அது விநாடிக்கு 217 முறை துடித்துத் துடித்து அனுப்பும். விமானப் பயன்முறையில் போட்டு அடுத்த அறையில் வையுங்கள்.

கேள்வி: 12-வது மாடி. காத்தாடி இல்லாமல் உட்கார முடியாது, போட்டால் பதிவு செய்ய முடியாது. விடிகாலையில் செய்யலாம் என்றால் குயில் கூவுகிறது. முட்டை அட்டை ஒட்டினால் நிற்குமா? — வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: முட்டை அட்டை குயிலை நிறுத்தாது. வெளிச் சத்தத்தைத் தடுக்க எடையும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். அட்டைக்கு இரண்டும் இல்லை. உங்கள் வீட்டில் சத்தம் சுவர் வழியாக வருவதைவிட, நாக்கோ ஜன்னலின் கண்ணாடி இடுக்குகள் வழியாகவும் கதவின் அடியிலும்தான் நுழையும். பதிவு நேரத்தில் ஜன்னலுக்குத் தடித்த போர்வை, கதவடியில் சுருட்டிய துண்டு. ஓரளவு குறையும், முழுக்க நிற்காது.

மைக்கின் முதுகைப் பயன்படுத்துங்கள். முன்பக்கத்தையே கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம் காது மந்தம். ஜன்னலுக்கு மைக் முதுகு காட்டட்டும். நீங்கள் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். உங்களுக்குப் பின்னால் துணி நிறைந்த அலமாரியோ நிறுத்திவைத்த மெத்தையோ இருந்தால், மைக்கின் முகத்துக்கு எதிரே இருக்கும் சுவரும் எதிரொலிக்காது. சூப்பர்கார்டியாய்டு என்று எழுதியிருந்தால் அதன் மந்தப் பகுதி நேர் பின்னால் இல்லை, பின்பக்கம் சற்றுச் சாய்வாக, சுமார் 126 பாகையில் இருக்கும், அதற்கேற்பத் திருப்புங்கள்.

காத்தாடிக்கு மாற்று, ஏர்கோனை 20 நிமிடம் நன்றாகக் குளிரவிட்டு அணைப்பது. பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், ஒரு பாட்டுக்குத் தாராளம். லிஃப்ட், சாலை, மேல்மாடி நாற்காலி இவற்றின் அதிர்வு தரை வழியாக ஸ்டாண்டில் ஏறும். ரப்பர் நாண் கட்டிய ஷாக் மவுண்ட் வாங்கி, குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். பெருமழைக்கு மருந்தில்லை, அன்று பாட்டை மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: பாட்டின் நடுவே ஊசி குத்தியதுபோல ‘டிக் டிக்’. — வாசகர், கெப்போங்

பதில்: அது மைக்கில் இல்லை, கணினி மூச்சு வாங்குகிறது. ஒலியைக் கணினி சேர்த்துவைத்துக் கையாளும் அளவான பஃபர் 64-இல் இருந்தால் 256 ஆக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் வேகம்) அது 5.3 மில்லி விநாடிதான். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஆசியோ டிரைவரையே (கணினிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் பாலமான மென்பொருள்) போடுங்கள். ஒரு மென்பொருள் 44,100-இலும் மற்றொன்று 48,000-இலும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? மென்பொருளிலேயே இரைச்சலை நீக்கலாமே? — வாசகி, செராஸ்

பதில்: நீக்கலாம், கடைசியாக. பாடத் தொடங்கும் முன் அசையாமல் 5 விநாடி அமைதியைப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியைத் தேர்ந்து இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்துவிட்டு, முழுப் பாட்டையும் தேர்ந்து 6 முதல் 9 டெசிபல் மட்டும் குறையுங்கள். 20, 25 என்று இழுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகிவிடும். கமகத்தின் வால் முதலில் கரையும். இந்த முறை சீரான இரைச்சலுக்கு மட்டுமே. மோட்டார் சைக்கிளும் குயிலும் மாதிரியில் அகப்படாதவை. அவை விழுந்த வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டிவிடுங்கள்.