கேளுங்க, சொல்லுதேன்: சுருட்டை முடிக்காரிகள் ஸ்பெஷல்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மாமியார் வழியில் வந்த அடர்த்தியான சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் 'சாய்பாபா', 'குருவிக்கூடு' என்று கூப்பிடுகிறார்களாம். காலையில் இரட்டைச் சடை போட்டு முடிப்பதற்குள் அவள் அழ, நான் கத்த, வேன் வந்து ஹாரன் அடித்துவிடும். தசரா லீவில் ஸ்ட்ரெய்ட்னிங் செய்துவிடு என்று ஒரே நச்சரிப்பு. செய்யலாமா?
(ஒரு அம்மா, அம்பாசமுத்திரம்)

பதில்: வேண்டாம். காரணம் அப்புறம். முதலில் சீப்பைப் பேசுவோம், பாதிச் சண்டை அதில்தான் இருக்கிறது.

எனக்கும் இதே தலைதான். சின்ன வயதில் எங்கள் சித்தி உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுப்பாள், சிக்கு மொத்தமும் கீழே போய் முடிச்சாக நிற்கும், எனக்கு உயிர் போகும், அவளோ "இது என்ன முடியா, தேங்காய் நாரா" என்பாள். முடியின் மேல் தப்பே இல்லை. தலையில் ஊறுகிற எண்ணெய் நேர்முடியில் சுலபமாக நுனி வரைக்கும் இறங்கிவிடும், சுருளில் வளைந்து வளைந்து இறங்க முடியாமல் மேலேயே நின்றுவிடும். அதனால் நுனி காய்ந்து கிடக்கும், காய்ந்த சுருளைச் சீவினால் ஒடியும். தலை ஈரமாக இருக்கும்போது எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, நாலைந்து பாகமாகப் பிரித்து, பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள். ராத்திரியே தளர்வாகப் பின்னிப் போட்டு, பழைய பட்டுச் சேலைத் துண்டைத் தலையணைக்குச் சுற்றிவிட்டால் காலையில் வேலை பாதி குறையும்.

இதில் கெட்டிக்காரிகள் அமெரிக்காவின் கறுப்பினத் தாய்மார்கள். தலைகுளிக்கிற நாளுக்கு அங்கே 'வாஷ் டே' என்று பெயரே உண்டு. அம்மா மேலே உட்கார, மகள் கால்களுக்கு நடுவில் தரையில் உட்கார, கதை பேசிக்கொண்டே பின்னுவார்கள், பல வீடுகளில் பாதி நாள் போய்விடும். நம்ம ஆச்சிமார் வாசல்படியில் வைத்துப் பேன் பார்த்த மாதிரிதான். அங்கேயும் நேராக, மெத்தென்று இருந்தால் 'நல்ல முடி' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் மனதைக் கெடுத்த காலம் உண்டு, இன்னும் முழுசாகப் போகவில்லை. இப்போது பல அம்மாக்கள் அந்த வார்த்தையையே வீட்டுக்குள் விடுவதில்லை. நீங்களும் 'அடங்காத முடி', 'படியாத முடி' இரண்டையும் விட்டுப் பாருங்கள். கிண்டல் செய்கிற பிள்ளைகளை டீச்சரிடம் சொல்லி நிறுத்தலாம், ஆனால் தினமும் காலையில் சீப்போடு நிற்பது நீங்கள்தானே?

ஸ்ட்ரெய்ட்னிங் விஷயம். சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு என்கிற ரசாயனம் இருக்கிறது, சூடு காட்டும்போது புகையாகக் கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய 11 வருடம் கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி போட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. போட்டாலே வரும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் பதினோரு வயதில் ஆரம்பித்து வைக்க வேண்டுமா? அதுவும் வேரிலிருந்து புதுசாக வளர்வது சுருட்டையாகத்தான் வரும், நாலு மாதத்தில் மறுபடியும் கடைக்குப் போய் நிற்பீர்கள்.

கேள்வி: முடிக்காக அமெரிக்காவில் சட்டமே போட்டிருக்கிறார்களாமே, நிஜமா? அப்படியானால் நம்ம ஊர் இரட்டைச் சடை விதியையும் ஒழிக்கலாமே!
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: நிஜம்தான். 2019 ஜூலையில் கலிபோர்னியாவில் 'கிரவுன் சட்டம்' வந்தது. இயற்கையான சுருள், பின்னல், கயிறு மாதிரித் திரித்து விடுகிற சடைத்திரி இதையெல்லாம் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது, பின்னால் வேறு பல மாநிலங்களும் போட்டன. அதற்கு முன்பே 2016-இல் தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி கறுப்பின மாணவிகள், தங்கள் முடியைப் பள்ளி குறை சொன்னதற்காகப் போராட்டமே நடத்தினார்கள். அதே நாட்டு சோசிபினி டுன்சி 2019-இல் ஒட்ட வெட்டிய தன் சொந்தச் சுருள் முடியோடு போய் மிஸ் யுனிவர்ஸ் ஆனார்.

ஆனால் தாயி, இரட்டைச் சடையை இதோடு சேர்க்காதே. அமெரிக்காவில் அடிமைக் காலத்திலிருந்து ஒரு இனத்தையே மட்டம் தட்ட முடியையும் ஒரு காரணமாக்கினார்கள். நம்ம ரிப்பன் தொல்லை வேறு. அதை ஒழிக்க வேண்டுமா என்று கேட்டால், எனக்கு முழு சம்மதம்!

கேள்வி: பேத்தியைச் செல்லமாகப் 'பரட்டை' என்று கூப்பிடுகிறேன். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இதில் என்ன தப்பு?
(ஒரு ஆச்சி, சேரன்மகாதேவி)

பதில்: மருமகள் பக்கம்தான் நான், கோபிக்காதீர்கள் ஆச்சி. தாமிரபரணியில் தண்ணீர் வடிந்ததும் மணல் வரிவரியாக நெளிந்து கிடக்கும் இல்லையா, அதற்கு 'அறல்' என்று பெயர். சங்கப் புலவர்கள் பெண்கள் கூந்தலுக்கு அதைத்தான் உவமையாகச் சொன்னார்கள். நேர்கோடு போட்ட மணலை யாரும் பாடியதாக எனக்குத் தெரிந்து இல்லை. ஒருநாள் சாயங்காலம் பேத்தியை ஆற்றுக்குக் கூட்டிப்போய் அந்த மணலைக் காட்டுங்கள். சுழல் இருக்கிற பக்கம் மட்டும் இறங்க விடாதீர்கள்.