ஆவணப்படமும் 'பீப்' ஒலியும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்கள் மீது நடந்த தாக்குதலைப் பற்றி நோடே சகோதரர்கள் எடுத்த '9/11' ஆவணப்படம் குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். அதை சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு சொல்லையும் வெட்டாமல் ஒளிபரப்பியது சரியே என்று எழுதியிருந்தீர்கள். அதே கட்டுரையில், வடக்குக் கோபுரத்தின் முகப்புக் கூடத்துக்குள் நுழைந்த ஜூல் நோடே, தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த இருவரின் பக்கம் கேமராவைத் திருப்பாமல் விட்டதைப் பாராட்டியும் இருந்தீர்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. எரியும் உடலைக் காட்டாதது பண்பு என்றால், தீயணைப்பு வீரரின் வாயில் வந்த கெட்ட வார்த்தையை ஒரு 'பீப்' ஒலியால் மறைப்பது மட்டும் எப்படித் தவறாகும்? கேபிளில் பணம் கட்டிப் பார்ப்பவர் விஷயம் வேறு. ஆன்டெனா வைத்திருக்கும் எவரும் பிடிக்கக்கூடிய அலைவரிசையில், குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில், பொறுப்பு சற்றுக் கூடுதலாக வேண்டாமா? குறைந்தபட்சம் இரவு பத்து மணிக்காவது தள்ளிவைத்திருக்கலாமே?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

இரண்டுமே மறைத்தல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் மறைக்கிறார், யாருக்காக மறைக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூல் நோடே அந்தக் கூடத்தில் நின்றவர். அந்த இருவரையும் கண்ணால் கண்டு, இது எவரும் பார்க்க வேண்டிய காட்சியல்ல என்று அக்கணத்திலேயே முடிவெடுத்தவர். மேலிருந்து விழுந்தவர்களின் உடல்கள் மோதும் ஓசை படத்தில் கேட்கிறது. அண்ணாந்து பார்க்கும் வீரர்களின் முகங்கள் தெரிகின்றன. விழுந்தவர்களின் உடல்கள் தெரிவதில்லை. இறந்தவர்களின் மானத்தை முன்னிட்டு, சாட்சியாக நின்றவரே வகுத்துக்கொண்ட எல்லை அது. 'பீப்' ஒலியைச் சேர்க்கும்படி சொல்பவரோ அங்கே இருந்தவரல்லர். பல ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில் உள்ள நிலையத்தின் அலுவலகத்தில், வரக்கூடிய அபராதத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பவர் அவர். அவர் காப்பாற்ற நினைப்பது இறந்தவர்களை அல்ல, தம் நிலையத்தின் உரிமத்தை.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அமெரிக்காவில் எஃப்.சி.சி. எனப்படும் தகவல்தொடர்பு ஆணையம் உரிமம் வழங்குவது உள்ளூர் நிலையங்களுக்குத்தான், அந்நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளை வழங்கும் சி.பி.எஸ். போன்ற பெரிய வலையமைப்புக்கு, வலையமைப்பு என்ற முறையில், உரிமம் எதுவும் கிடையாது. ஆகவே ஒளிபரப்பும் முடிவை நியூயார்க்கில் எடுத்தாலும், தண்டனைக்கு அஞ்ச வேண்டியவர் எங்கோ ஒரு சிற்றூரில் நிலையம் நடத்துபவராகவே இருப்பார். 2006 ஜூனில் குடியரசுத் தலைவர் புஷ் கையெழுத்திட்ட சட்டம், ஒரு மீறலுக்கான அதிகபட்ச அபராதத்தை 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக, அதாவது ஒரேயடியாகப் பத்து மடங்காக உயர்த்தியது.

இனி, எதற்கு இந்த அபராதம் என்பதைப் பாருங்கள். ஆணையத்தின் விதியில் 'ஆபாசத் தன்மை' என்பது பாலுறவையோ உடற்கழிவையோ அப்பட்டமாகக் குறிப்பிடுவதை மட்டுமே சுட்டுகிறது. வன்முறை அதற்குள் அடங்காது. ஜூல் நோடே தம் கேமராவைத் திருப்பியிருந்து, எரியும் மனிதர்களை மாலை எட்டு மணிக்கு நாடெங்கும் காட்டியிருந்தாலும், இவ்விதியின்படி எந்த நிலையமும் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியிருந்திருக்காது. உயிருக்கு ஓடும் ஒரு மனிதன் தன்னை மறந்து உதிர்த்த வசைச்சொல்லுக்குத்தான் மூன்றேகால் லட்சம் டாலர் வரை தண்டம். நீங்கள் 'பொறுப்பு' என்று குறிப்பிடுவதை இந்தச் சட்டம் அளப்பதே இல்லை. படமெடுத்தவர் காட்டிய பொறுப்பைக் கண்டுகொள்ளும் கண்ணும் அதற்குக் கிடையாது.

இப்படம் முதலில் ஒளிபரப்பானது 2002 மார்ச் 10 அன்று. நடிகர் ராபர்ட் டி நீரோ அறிமுகம் செய்ய, ஏறத்தாழ 3.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் ஒளிபரப்பினார்கள். பெரிய எதிர்ப்பு ஏதும் எழவில்லை. 2006 செப்டம்பரில், ஐந்தாம் ஆண்டு நினைவையொட்டி மூன்றாம் முறை காட்ட முற்பட்டபோதுதான் அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற அமைப்பு புகார் அனுப்பும்படி தன் உறுப்பினர்களை அழைத்தது. சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன, சில இரவு பத்துக்கு மேல் தள்ளிவைத்தன. படத்தின் வசைச்சொற்கள் 2002இல் இருந்தவைதான். இடையில் மாறியது ஆணையத்தின் போக்கு. 2003ஆம் ஆண்டு கோல்டன் குளோப் விருது விழாவில் ஒரு பாடகர் மகிழ்ச்சியில் உதிர்த்த ஒற்றைச் சொல்லையும் குற்றமென்று 2004இல் ஆணையம் தீர்மானித்தது. அதே ஆண்டு நவம்பரில், இரண்டாம் உலகப் போர் பற்றிய 'சேவிங் பிரைவேட் ரயன்' என்ற திரைப்படத்தைக் காட்ட ஏ.பி.சி. வலையமைப்பைச் சார்ந்த அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் அஞ்சிப் பின்வாங்கின. அப்படத்தில் தவறில்லை என்று ஆணையம் சொன்னது மறு ஆண்டு பிப்ரவரியில், எல்லாம் முடிந்த பிறகு.

இதைவிட வேடிக்கையானது 2006 மார்ச்சில் நடந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி நடத்திவந்த கே.சி.எஸ்.எம். என்ற பொதுத் தொலைக்காட்சி நிலையம், ப்ளூஸ் இசை பற்றிய ஓர் ஆவணப்படத்தை வெட்டாமல் காட்டியதற்காக 15,000 டாலர் அபராதம் விதிக்க ஆணையம் முன்மொழிந்தது. ஆக, ஆணையத்தின் கணக்கில், 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் நடிகர்கள் ஏற்ற போர்வீரர் வேடங்களின் வசை யதார்த்தத்துக்குத் தேவை. உண்மையான இசைக்கலைஞர்கள் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது வரும் அதே வசை தேவையற்றது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்த நிலைய மேலாளர், தீயணைப்பு வீரர்களின் வசையை எந்தப் பக்கம் வைப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

ஒரு சொல்லை மறைப்பதால் பெரிதாக என்ன போய்விடும் என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் தொனிக்கிறது. தெற்குக் கோபுரம் சரிந்த 9.59 மணிக் காட்சியை மறுபடியும் பாருங்கள். வடக்குக் கோபுரத்தின் கூடத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. புழுதி வந்து மூடித் திரை இருண்டுவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு ஆவணம் என்று மிஞ்சுவது பெரும்பாலும் குரல்தான்: ஒருவரை ஒருவர் தேடும் குரல், கட்டளை, இருமல், அவற்றினூடே வசை. ஒழுங்காகப் பேசப் பழகிய மனிதர்கள் எந்த அளவு நிலைகுலைந்தார்கள் என்பதையும், அந்நிலையிலும் தம் பணியை எப்படித் தொடர்ந்தார்கள் என்பதையும் அந்தக் குரல்களிலிருந்துதான் அறிகிறோம். அங்கே 'பீப்' ஒலி ஒலித்தால், பார்ப்பவரின் மனம் உடனே ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்குப் போய்விடும். தாக்குதலை விசாரித்த ஆணையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஒளிப்பதிவையும் சான்றுகளில் ஒன்றாகக் கொண்டது. அத்தகைய பதிவில் பிற்காலத்தார் கைவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதனால் எல்லாவற்றையும் காட்டியே ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கோபுரத்திலிருந்து விழும் மனிதனை ரிச்சர்ட் ட்ரூ எடுத்த புகைப்படம், மறுநாள் நாளிதழ்களில் வெளியாகி, வாசகர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் பெரும்பாலும் ஒதுக்கிவைக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியா தவறா என்பதில் எனக்கே உறுதியில்லை. ஆனால் அது இதழாசிரியர்களுக்கும் வாசகர்களுக்கும் இடையே நடந்த விவாதம். அபராதப் பட்டியல் எதுவும் நடுவே இல்லை.

குழந்தைகளைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 1978இல் பசிஃபிகா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒலிபரப்பு அழையாமலே வீட்டுக்குள் வருகிறது, குழந்தைகளுக்கும் எட்டுகிறது என்ற காரணத்தால்தான் ஆணையத்தின் அதிகாரத்தை ஏற்றது. ஆனால் அங்கே வழக்குக்கு உள்ளானது பிற்பகலில் வானொலியில் வந்த நகைச்சுவை உரை. முன்னறிவிப்புடன், நினைவு நாளையொட்டி, பெற்றோர் அறிந்தே பார்க்கும் ஆவணப்படத்தை அதனோடு ஒன்றாக வைக்க முடியாது. ஒரு குழந்தை இப்படத்தைப் பார்க்கக் கூடாது என்றால், அதற்குக் காரணம் மரணமாகத்தான் இருக்க முடியும்; வசையை நீக்கிவிட்டு மரணத்தைப் பார்க்கவைப்பது எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது.

இரவு பத்து மணி யோசனைக்கு வருகிறேன். பத்து முதல் காலை ஆறு வரை இவ்விதி பொருந்தாது என்பதால், நிலையத்துக்கு அது பாதுகாப்பான வழி. வெட்டுவதா, தள்ளிவைப்பதா என்று கேட்டால் தள்ளிவைக்கவே சொல்வேன். ஆனால் பதின்ம வயதினர் பெற்றோருடன் அமர்ந்து பார்க்கத்தக்க இரண்டு மணிநேரப் படத்தை நள்ளிரவுவரை கொண்டுபோவதை நல்ல ஏற்பாடு என்று சொல்லமாட்டேன்.

2010இல் நியூயார்க்கின் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்தின் கொள்கை தெளிவற்றது, அதனால் ஒளிபரப்பாளர்கள் பேச்சையே ஒடுக்கிக்கொள்கிறார்கள் என்று தீர்ப்பளித்தபோது, இந்த '9/11' படத்தைச் சில நிலையங்கள் மறுத்ததையே ஓர் உதாரணமாக எடுத்துக்காட்டியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை, நிலையங்களுக்கு முன்கூட்டி முறையான அறிவிப்பு தரப்படவில்லை என்ற குறுகிய காரணத்தோடு முடித்துக்கொண்டு, கருத்துரிமைக் கேள்விக்குள் போகவில்லை. 1978இன் தீர்ப்பும் அப்படியே நிற்கிறது.

அன்புடன்.